உப்புத் தண்ணீருக்கு நடுவே நெல்: செனகலின் ஜோலா மக்கள்

கேள்வி இது: "மேற்கு ஆப்பிரிக்காவில் விவசாயத்தையே நம்பி இருக்கிற ஒரு இனத்தாரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அவர்கள் எதைக் கும்பிடுகிறார்கள்? இன்று அவர்களுக்கு என்ன தேவை? ட்ராக்டரும் நல்ல விதையும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?"

மேற்கு ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரு பதிலில் அடக்க முடியாது. சகாராவை ஒட்டிய வறண்ட பகுதியில் கம்பும் சோளமும் விதைப்பவர்களின் வாழ்க்கை வேறு, தெற்கே காட்டோரத்தில் வள்ளிக்கிழங்கு போடுபவர்களின் வாழ்க்கை வேறு. அதனால் ஒரே ஒரு இனத்தை எடுத்துக்கொள்கிறேன். செனகலின் தெற்கு ஓரத்தில், கசமான்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் ஜோலா மக்கள். காம்பியாவிலும் கினி பிசாவிலும்கூட இவர்கள் இருக்கிறார்கள். இவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் நெல். நாற்று விடுவது, நடுவது, வரப்புக் கட்டுவது, மழைக்கு வானம் பார்ப்பது, எல்லாம் இவர்களுக்கும் உண்டு. ஆனால் நாம் பார்த்துப் பழகாத இடத்தில் அதைச் செய்கிறார்கள்: கடல் ஏறி இறங்குகிற அலையாத்திக் காட்டுக்குள்.

நெல் என்றாலே ஆசியாவிலிருந்து போனது என்று நினைக்கத் தோன்றும். அது பாதிதான் உண்மை. ஆப்பிரிக்காவுக்கென்று தனி நெல் இனம் உண்டு. ஒரைசா கிளாபெரிமா என்பார்கள். ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய மாலியில் நைஜர் ஆறு விரிந்து பரவும் பகுதியில் பயிராக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்வது. பெரும்பாலும் சிவப்பரிசி. உயரமாக வளரும், களையை அமுக்கிவிடும், வறட்சியைத் தாங்கும். ஆனால் விளைச்சல் குறைவு, கதிர் முற்றினால் மணி கொட்டிவிடும். ஆசிய நெல் போர்த்துக்கீசியர் வந்த பிறகு அங்கே போனது. ஜோலா விவசாயிகள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். எந்த மேட்டுக்கு எது, எந்தப் பள்ளத்துக்கு எது என்று ஒரே குடும்பம் பல ரகங்களைப் பிரித்து நடும்.

கசமான்ஸ் மிகத் தட்டையான நிலம். கடல் தண்ணீர் ஆற்றுக்குள்ளும் கிளை ஓடைகளுக்குள்ளும் நெடுந்தூரம் ஏறி வரும். ஓடைக்கரை முழுக்கக் கண்டல் மரங்கள். அந்தச் சதுப்பில்தான் புது வயல் எடுப்பார்கள். ஆண்கள் சேர்ந்து சேற்றை வெட்டி, ஓடையை ஒட்டி ஒரு பெரிய மண்ணணை எழுப்புவார்கள். உள்ளே கண்டலை வெட்டிவிட்டு நிலத்தைப் பாத்திகளாகப் பிரிப்பார்கள். ஆனால் உடனே நட முடியாது, மண் முழுக்க உப்பு. மழைக்காலத்தில் பெய்கிற நீரைத் தேக்கி வைத்து, உப்பு கரைந்ததும் அணைக்கு அடியில் பதித்த குடைந்த பனந்தண்டு வழியாக ஓடைக்குத் திறந்துவிடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் அதேதான். இப்படிச் சில ஆண்டுகள் கழுவிய பிறகே முதல் நாற்று இறங்கும். அந்தத் தண்டின் வாயில் பொறி வைத்தால் வடிகிற தண்ணீரோடு மீனும் கிடைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோடையில் சில வயல்களுக்குள் உப்புத் தண்ணீரை அவர்களே வேண்டுமென்று விடுவார்கள். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அலையாத்தி மண்ணுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமம் இருக்கிறது. மண் நனைந்திருக்கும்வரை அது சாது. காய்ந்து காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறிவிடும். அப்புறம் அந்த மண்ணில் புல்லும் முளைக்காது. உப்பை அடுத்த மழை கழுவிவிடும், அமிலத்தை அவ்வளவு எளிதில் கழுவ முடியாது. அதனால் கோடையில் உப்புத் தண்ணீர் நிற்பதே மேல் என்பது அவர்கள் கணக்கு. அது வயலில் களையையும் அழிக்கிறது. வேதியியல் பாடம் எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்து வைத்திருப்பது இது. 1960களில் வந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இதைக் கவனிக்காமல், உப்பு வராதபடி அடைத்து நிலத்தை நன்றாக வடித்துவிட்டால் போதும் என்று திட்டம் போட்டார்கள். நிலம் வடிந்தது, காய்ந்தது, புளித்துப் போனது.

உழவுக்கு மாடு கிடையாது. மாடு வைத்திருப்பார்கள், நிறையவே வைத்திருப்பார்கள், ஆனால் ஏரில் பூட்டுவதில்லை. எல்லாம் கயாந்து என்னும் கருவிதான். ஆளைவிட நீளமான மரக்கம்பு, அதன் நுனியில் துடுப்பு மாதிரி ஒரு மரத்தகடு, தகட்டின் விளிம்பில் கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு முனை. தகட்டையும் கம்பையும் பனை நாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். குனிந்து முனையைச் சேற்றுக்குள் சாய்வாகச் செருகி, தொடையை முட்டுக் கொடுத்து நெம்பி, ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துப் பக்கவாட்டில் கவிழ்க்க வேண்டும். பழைய தாளும் களையும் அடியில் போய்விடும், மண் பார் பாராக எழும். நாற்றை அந்தப் பாரின் மேல்தான் நடுவார்கள். தண்ணீர் ஏறினாலும் நாற்று மூழ்காது, பார் உயர்ந்திருப்பதால் உப்பும் சீக்கிரம் கழுவிப்போகும். இளைஞர்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் இதைச் செய்யும்போது சுலபம் மாதிரி இருக்கும். அரை நாள் செய்தால் முதுகு சொல்லும்.

ஜூனில் மழை தொடங்கும். ஊரை ஒட்டிய மேட்டில் நாற்றங்கால். ஆகஸ்ட், செப்டம்பரில் நடவு. பாரை எழுப்புவது ஆண் வேலை. நாற்றைப் பறித்து, முடி கட்டி, தலைச்சுமையாக வயலுக்குக் கொண்டுபோய் நடுவது பெண் வேலை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை அறுப்பு. அரிவாளால் தாளோடு அறுப்பதில்லை. பெண்கள் ஒரு சின்னக் கத்தியால் கதிர் கதிராக நறுக்கி, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டிக் கூடையில் போட்டுச் சுமந்து வருவார்கள். மெதுவான வேலைதான். ஆனால் ஒரே வயலில் முன்னே பின்னே முற்றுகிற ரகங்கள் நிற்கும்போது இதுதான் வசதி, விதைக்கு நல்ல கதிரையும் அங்கேயே பொறுக்கி எடுத்துவிடலாம்.

கதிர்க்கட்டுகள் அப்படியே களஞ்சியத்துக்குப் போகும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து உரலில் போட்டுக் குத்துவார்கள். களஞ்சியத்தில் எத்தனை ஆண்டு நெல் கிடக்கிறது என்பதுதான் ஒரு வீட்டின் கௌரவம். அதை விற்பது பெருமையான காரியமாக இருந்ததில்லை. மிஞ்சினால் மாடு வாங்கலாம், சாவுக்கும் சடங்குக்கும் எடுக்கலாம். வெளியார் இதைப் பார்த்து "விற்காமல் பூட்டி வைக்கிறார்களே, பொருளாதாரம் தெரியாதவர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். மழை பொய்க்கிற ஊரில் மூன்று வருட நெல்லைக் கையில் வைத்திருப்பவன் பொருளாதாரம் தெரியாதவன் என்றால் எனக்கும் தெரியாதுதான்.

அன்றாடச் சாப்பாடு சோறு. கூடவே மீன், ஓடையில் பிடித்த நண்டு, இறால், கண்டல் வேரில் பெண்கள் வெட்டி எடுக்கும் சிப்பி. செம்பனை எண்ணெய் அவர்கள் சமையலின் நிறம். கால்து என்று ஒன்று: எலுமிச்சை பிழிந்த மீன் சாறு, வெள்ளைச் சோறு, பக்கத்தில் புளிச்சகீரை மசியல். மாட்டிறைச்சி தினசரி உணவு இல்லை, சடங்கு உணவு. கோடையில் ஆண்கள் பனையேறிக் கள் இறக்குவார்கள். கள் குடிக்க மட்டுமல்ல, சாமிக்கும் அதுதான் வேண்டும். எனாம்போர் பக்கம் வட்டமான மண்வீடுகள் இருக்கின்றன. கூரை உள்நோக்கிப் புனல் போலச் சரிந்து மழைநீரை நடு முற்றத்தில் இறக்கும். அங்கே சேர்த்துப் புழங்கிக்கொள்வார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க முடிந்தது வானத்திலிருந்து வருவது மட்டும்தான் என்ற ஊருக்கு ஏற்ற வீடு.

இப்போது நம்பிக்கைக்கு வரலாம். உண்மையில் இதுவரை சொன்னதும் அதுதான். எமிதாய் என்பவர் மேலான கடவுள். வானத்தவர், மழை அவரிடமிருந்து வருகிறது. நெல்லையும் கயாந்துவையும் கொடுத்து, உழைத்துச் சாப்பிடு என்றவரும் அவரே. ஆனால் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரிடம் நேரே போக மாட்டார்கள். ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சன்னிதி உண்டு: மழைக்கு, நோய்க்கு, கொல்லுலைக்கு, குடும்பத்துக்கு, ஆண்களின் தீட்சைக்கு. பெண்கள் மட்டுமே நடத்துகிற எஹூஞா என்ற சன்னிதி பிள்ளைப்பேறுக்கும் நிலத்தின் வளத்துக்கும் சேர்த்தே பொறுப்பு. சன்னிதி என்றால் பெரிய கோயில் இல்லை. மரத்தடியில் ஒரு கூரை, ஒரு கவைக்கம்பு, சில சிப்பி, எலும்பு. பூசாரி கள்ளை ஊற்றிப் பேசுவார், சேவலோ ஆடோ பலி உண்டு. மறைத்துவைத்த குற்றம் நோயாக வரும், சன்னிதியில் வாய்விட்டுச் சொன்னால்தான் தீரும் என்ற எண்ணம் ஆழமானது. இந்த வழியில் நடப்பவர்களை அவசேனா என்பார்கள்.

பழைய ஜோலா வாரத்துக்கு ஆறு நாள். ஆறாவது நாள் ஹுயாய், வயலுக்கு ஓய்வு. மனிதனுக்கு இல்லை, கவனியுங்கள், மண்ணுக்கு. அன்று நெல்வயலில் வேலை செய்யக்கூடாது.

உசுய் ஊரில் ஒரு அரசர் இருக்கிறார். படை, வரி எதுவும் இல்லாத பூசாரி அரசர். சிவப்பு உடுத்தி, கையில் ஒரு சின்ன விளக்குமாறு வைத்திருப்பார். அவர் சாப்பிடுவதையோ குடிப்பதையோ யாரும் பார்க்கக்கூடாது. அவர் வயல்களை ஊரார் முறைவைத்து உழைத்துக் கொடுப்பார்கள். அந்த நெல் அவருக்கு இல்லை, களஞ்சியம் வற்றிய வீடுகளுக்குச் சத்தமில்லாமல் போகும். வாங்கிய வீடு எது என்று ஊருக்குத் தெரியாமல் கொடுப்பதுதான் இதில் முக்கியம் என்பார்கள்.

சாவிலும் கேள்வி உண்டு. காசாப் என்ற சடங்கில் பிணத்தைப் பாடையில் வைத்துத் தூக்கி நிற்பார்கள். பெரியவர்கள் "உன்னைக் கொன்றது யார், என்ன குறை" என்று கேட்பார்கள். பாடை முன்னே வந்தால் ஆமாம், பின்னே போனால் இல்லை. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன தாய்க்குக் கஞாலேன் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவள் தன் வீட்டை விட்டு வேறு பேட்டைக்குப் போய், புதுப் பெயர் வைத்துக்கொண்டு, கந்தலும் சுரைக்குடுக்கையும் மாட்டிக்கொண்டு கோமாளி போல நடந்துகொள்ள வேண்டும். பிள்ளையைத் தேடி வருகிற சாவு ஏமாந்து போகும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒன்று: அந்தப் பெண்ணை மற்ற பெண்கள் கூட்டமாகக் காக்கிறார்கள், பிரசவம்வரை பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவமனை எட்டாத இடத்தில் அது சின்ன உதவி இல்லை.

அலின் சித்தோய் ஜாட்டாவைச் சொல்லாமல் ஜோலா மக்களின் நம்பிக்கையைப் பேச முடியாது. கப்ரூஸ் ஊரில் 1920 வாக்கில் பிறந்தவர். காலில் சின்ன ஊனம். செனகலின் தலைநகர் டக்காரில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, 1941-ல், ஊருக்குத் திரும்பி மழைக்காக எமிதாயின் சொல்லை எடுத்துச் சொல் என்று தனக்கு உத்தரவு வந்ததாகச் சொன்னார். அது போர்க்காலம். செனகலை ஆண்ட பிரெஞ்சு நிர்வாகம் வீடு வீடாக நெல்லையும் மாட்டையும் பறித்துக்கொண்டிருந்தது, நிலக்கடலை போடச் சொல்லி நெருக்கியது. மழையும் சரியில்லை. அலின் சித்தோய் சொன்னவை இவ்வளவுதான்: கடலை போடாதீர்கள்; நம் பழைய நெல்லை நடுங்கள்; ஹுயாயைக் கடைப்பிடியுங்கள்; மழைக்குக் கறுப்புக் காளையைப் பலி கொடுத்து, பணக்காரன் ஏழை வித்தியாசமில்லாமல் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மழைச் சடங்கு அதுவரை வசதியுள்ள பெரியவர்கள் கையில் இருந்தது. அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் கப்ரூஸுக்கு நடந்து வந்தார்கள். 1943 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். 1944 மே மாதம் மாலியின் திம்புக்துவில் ஸ்கர்வி நோயில் இறந்தார். வைட்டமின் சி இல்லாத சாப்பாட்டால் வருகிற நோய் அது. அவர் இறந்துவிட்டார் என்பது ஊருக்கு உறுதியாகத் தெரிந்தது 1983-ல்தான். அவரைக் கலகக்காரி என்று எழுதுபவர்கள் உண்டு, தேசத் தலைவி என்று எழுதுபவர்களும் உண்டு. என் பார்வையில் அவர் பேசியது வேளாண்மை: எதை நட வேண்டும், மண்ணை எப்போது விட வேண்டும், விளைந்ததை யாரோடு சாப்பிட வேண்டும்.

இன்று எல்லோரும் அவசேனா இல்லை. ஆற்றுக்கு வடக்கே, பிஞ்ஞோனா பக்கம், பெரும்பாலும் முஸ்லிம்கள். தெற்கே கத்தோலிக்கர்கள் நிறைய. ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு, மழை தவறினால் சன்னிதிக்கும் போகிறவர்கள் உண்டு. மதம் மாறியதோடு வயலும் மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் இஸ்லாமோடும் பக்கத்து மாண்டிங்கா இனத்தாரின் பழக்கத்தோடும் நிலக்கடலையும் வந்தது. ஆண்கள் மேட்டு நிலத்துக் கடலைக்குப் போனார்கள், கையில் காசு பார்த்தார்கள். நெல் முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. தெற்கே உசுய் பக்கம் மட்டும் ஆண் பெண் இருவரும் சேர்ந்தே நெல் செய்கிறார்கள். இளைஞர்களை ஆண்களாக்கும் 'புகுத்' என்ற தீட்சை மட்டும் எல்லா மதத்தாரையும் ஊருக்கு இழுத்து வந்துவிடும். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை, இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. அதற்காகவே ஆண்டுக்கணக்கில் நெல் சேர்ப்பார்கள்.

சரி, தேவை என்ன?

மழைநீர். 1970களில் தொடங்கிய வறட்சி கசமான்ஸைப் புரட்டிப் போட்டது. ஆறு மெலிந்தது, கடல் உள்ளே ஏறியது, வெயிலில் தண்ணீர் வற்றியது. சாதாரணமாக ஒரு ஆற்றில் மேலே போகப்போக உப்புக் குறைய வேண்டும். கசமான்ஸில் தலைகீழ்: மேலே போகப்போக உப்பு கூடுகிறது. 1980களில் சில இடங்களில் கடல்நீரைவிட மூன்று நான்கு மடங்கு உப்பு இருந்தது. கண்டல் காடு பட்டுப்போனது, வயல்கள் வெள்ளை பூத்து நின்றன. பிறகு மழை கொஞ்சம் தேறியது. ஆனால் கைவிட்ட அணைகளை மறுபடி எடுத்துக் கட்ட ஆள் இல்லை.

ஆள் ஏன் இல்லை? படித்த பிள்ளைகள் டக்காரில். வயதுக்கு வந்த பெண்கள் அங்கே வீட்டு வேலையில். ஆண்களில் பலர் முந்திரித் தோப்பில், அதில்தான் காசு வருகிறது. போதாததற்கு 1982-லிருந்து பிரிவினைப் போராட்டம். செனகல் ராணுவத்துக்கும் கசமான்ஸ் இயக்கத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட எல்லையோர ஊர்கள் காலியாயின. கண்ணிவெடி பயத்தில் வயலுக்குப் போகாமல் விட்டவர்கள் நிறைய. 2004-ல் ஒரு ஒப்பந்தம் வந்தது, சண்டையும் வரவரத் தணிந்தது, குடும்பங்கள் திரும்புகின்றன. ஆனால் இருபது ஆண்டு பராமரிக்காத மண்ணணை தானாக நிற்காது.

சாலையும் ஒரு தேவை. கசமான்ஸுக்கும் மீதி செனகலுக்கும் குறுக்கே காம்பியா என்ற வேறொரு நாடு கிடக்கிறது. அதனால் கசமான்ஸின் பெரிய நகரமான சிகின்ஷோரிலிருந்து டக்காருக்குக் கப்பலையே நம்பியிருந்தார்கள். 2002 செப்டம்பர் 26 இரவு 'லெ ஜோலா' கப்பல் காம்பியக் கடலில் கவிழ்ந்தது. 600-க்கும் குறைவானவர்களை ஏற்ற வேண்டிய கப்பல். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 1,863. பிழைத்தவர்கள் 64. படிப்புக்குத் திரும்பிய மாணவர்கள், செம்பனை எண்ணெயும் மாம்பழமும் விற்கப் போன பெண்கள். பிள்ளைகள் மொத்தமும் போன வீடுகள் உண்டு. காம்பியா ஆற்றின் மேல் பாலம் திறந்தது 2019-ல்தான்.

இன்னொன்று, இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து (இன்றைய வியட்நாம் பக்கம்) நொய்யரிசியைக் கொண்டுவந்து செனகலில் விற்றார்கள். நாளடைவில் அந்த நாட்டின் நாக்கே நொய்க்குப் பழகிவிட்டது. இன்றும் இறக்குமதி நொய்தான் நகரத்துச் சாப்பாடு, அதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது முதலில் அடிபட்ட நாடுகளில் செனகலும் ஒன்று. களஞ்சியம் வற்றிய ஜோலா வீடும் இப்போது கடையில் நொய் மூட்டைதான் வாங்குகிறது.

ட்ராக்டர், விதை பற்றிக் கேட்டீர்கள். அலையாத்திச் சேற்றில் ட்ராக்டர் இறங்கினால் ஏறாது. மேட்டு நிலத்துக்கு மட்டும் அது சரி. விதையில் அவர்களுக்குப் பிடிவாதம் இல்லை. மழைக்காலம் சுருங்கியதும் குறுகிய காலத்தில் விளைகிற ரகங்களை அவர்களே தேடி வாங்கி நட்டார்கள், பழையதைக் கொஞ்சம் ஓரமாகக் காப்பாற்றிக்கொண்டு. பெண்களைக் கேட்டால் அரைவை இயந்திரம் என்பார்கள். ஒரு நாள் சோற்றுக்கு உலக்கை பிடிக்கும் நேரத்தை அவர்கள்தான் அறிவார்கள். பனந்தண்டு மதகுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாயும் மூடியும் கிடைத்தால் தண்ணீரை இன்னும் கணக்காக விடலாம், செலவும் பெரிதில்லை.

அணைதான் பெரிய செலவு, அதுவும் சிமென்டால் இல்லை. உடைந்த மண்ணணையை எடுத்துக் கட்ட ஊர் இளைஞர்களைக் கூட்டமாக அழைத்தால், அழைத்த வீடு அவர்களுக்குச் சோறு போட வேண்டும். வயல் உப்பாகி விளைச்சல் போன வீட்டில் அந்த நெல்லே இருக்காது. சோறு இல்லாததால் அணை இல்லை, அணை இல்லாததால் அடுத்த வருடமும் சோறு இல்லை. உதவ நினைக்கிற எந்த நிறுவனமும் இந்தக் கண்ணியில் கைவைக்கலாம்: அணை வேலைக்கு வருகிறவர்களுக்கு அரிசியும் மீனும். அதுவும் மே மாதம் முடிவதற்குள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகஸ்டில் வந்தால், உப்பைக் கழுவ வேண்டிய அந்த வருட மழை பாதி ஓடைக்குப் போயிருக்கும்.